நாற்காலியைத் திருப்புங்கள்

1994 ஜூலை 12, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். காத்ர் போர்னில் ஜூலை குளிர்காலம், காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு ரேடியோவைப் போட்டேன். செய்தி வாசிப்பவர் குரல் வந்ததும் வலது காதை விரலால் அடைத்து, இடது காதால் மட்டும் கேட்டேன். ஒலி அளவுக் குமிழில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். தினமும் அந்தப் புள்ளியில்தான் குமிழ் நிற்க வேண்டும். அன்று குரல் கேட்டது, சொற்கள் புரியவில்லை. சளி பிடித்திருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீ போட்டேன். முந்தின நாள் வாங்கிய ரொட்டியைச் சுட்டு வெண்ணெய் தடவிக் கணவருக்குக் கட்டிக்கொடுத்தேன். ஆறரைக்கு ஆலை வேன் அவரை ஏற்றிக்கொண்டு போனது. பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். பத்து மணிக்கு ரோஸ் ஹில்லில் காது சோதனை. அன்று சோதனைக்குப் போனது நான் மட்டும் இல்லை. எனக்கு எதிரி என்று ஒருவர் உண்டென்றால் அவரும் வந்தார். அவர் வரும்படி செய்தது நான்தான்.

எங்கள் ஊர் கோயம்புத்தூர். பின்னலாடை ஆலைகள் இந்தத் தீவில் மளமளவென்று எழுந்த காலத்தில், 1983இல், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள என் கணவரை அழைத்தார்கள். ஒரு வருடம் கழித்து எனக்கு இங்கே ஒரு பள்ளியில் தமிழாசிரியை வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கூடங்களில் நடக்கும் தமிழ் வகுப்புகளுக்கு ஒரு சங்கம் உண்டு. அது ஆண்டுதோறும் வாய்மொழித் தேர்வு நடத்தும். பிள்ளைகள் ஒரு பத்தி வாசிப்பார்கள், ஒரு பதிகம் சொல்வார்கள், கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்வார்கள். ஒன்பது ஆண்டுகள் நான் தேர்வாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது. ஆனால் இந்தத் தீவில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளை ஒன்று தன் வாயால் ஒரு முழுத் தமிழ் வாக்கியத்தை முதல் தடவை கட்டும்போது எதிரில் உட்கார்ந்து கேட்பவளாக இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

1992இல் இடது காது மந்தமானது. கூடவே ஓர் இரைச்சல், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே அந்த மாதிரி. விடுமுறையில் மெட்ராஸ் போனபோது ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. புற்று இல்லை. டாக்டர் நிதானமான மனிதர். "இப்ப கத்தி வெச்சா மிச்சம் கேக்கறதும் போயிடும்மா. வளருதான்னு பாத்துட்டே இருப்போம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காதை டெஸ்ட் பண்ணுங்க, வருஷத்துக்கு ஒரு ஸ்கேன்" என்றார்.

அன்றிலிருந்து என் வாழ்க்கையே பக்கங்களின் கணக்காகிவிட்டது. பேருந்தில் இடப்பக்கச் சன்னல் ஓரம்தான் உட்காருவேன். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவர் வலது காதில் பேசுவார். கோயிலில் வாழை இலையில் ஏழு கறி பரிமாறும்போது வரிசையின் இடக்கோடியைப் பிடிக்க முன்கூட்டியே போவேன். கட்டிலில் நானும் கணவரும் இடம் மாறிக்கொண்டோம். சந்தைத் தெருவில் யாராவது "மிஸ்!" என்று கூப்பிட்டால் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு முழு வட்டம் சுற்றுவேன். காவடித் திருவிழாவில் லாரி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால், கணவர் ஆலையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பஞ்சு அடைப்பானை வலது காதில் வைத்துக்கொள்வேன். எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு காதுதான்.

சங்கத்தின் செயலாளரிடம் இதைச் சொன்னேன். தேர்வு மேசையில் பிள்ளைகளை என் வலப்பக்கம் உட்கார வைக்க வேண்டும், அதற்காக மட்டும். "வெளியே சொல்லாதீங்க ஐயா" என்றேன். அவர் தலைநகர் போர்ட் லூயிக்காரர், அங்கே டிராங்கெபார் என்ற பேட்டையில் பிறந்து வளர்ந்து அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். தமிழை வகுப்பில் கற்றவர். எந்தச் சபையிலும் உரக்கப் பேசுவார். நெஞ்சில் கை வைத்து, "டீச்சர், என் வாய் பூட்டு" என்றார்.

1994 மே மாதம் கான் தெ மாஸ்க் என்ற ஊரின் கோயில் கூடத்தில் தேர்வு வைத்தேன். அங்கே ஆலைப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் பல வைத்திருக்கும் ஒரு காண்டிராக்டர் இருந்தார். அவர் மகள் பதிகத்தைக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தாள், கேள்விக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாம் இடம் கொடுத்தேன். தையல் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகள், மழையில் நனைந்த பாவாடையோடு வந்தவள், நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு என்னையும் ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு முதலிடம். காண்டிராக்டர் செயலாளருக்கு வேண்டியவர். பூட்டு திறந்துகொண்டது. டீச்சருக்குக் காதில் கட்டி, அது மூளைக்குப் போகிறது, பிள்ளைகள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்று ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செயலாளரே அங்கே போய் மறுதேர்வு வைத்தார். காண்டிராக்டர் மகள் முதலிடம். நனைந்த பாவாடைப் பெண் நான்காமிடம்.

ஜூன் மாதக் கூட்டம் டிராங்கெபார் கோயிலின் பின்கூடத்தில் நடந்தது. குழாயடியில் கால் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே சிரிப்பு. செயலாளர் நடுவில் நின்றுகொண்டு இடது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, கழுத்தை நான் சாய்ப்பது போலவே சாய்த்து, "ஆ? கூமா? கி ஊ திர்?" என்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். என்ன, என்ன சொன்னீர்கள் என்று பொருள். தேர்வாளர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த குருக்கள், தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

என்னைக் கண்டதும் செயலாளர் கையை இறக்கினார்.

"ஏ டீச்சர், வாருங்கள், வாருங்கள்! சின்னக் கேலிதான். கோபம் இல்லையே, நோன்?"

"சிரிங்க ஐயா. சிரிச்சு முடிச்சிட்டு விஷயத்துக்கு வாங்க."

விஷயத்துக்கு வந்தார். கான் தெ மாஸ்கில் நான் போட்ட மதிப்பெண்கள் ரத்து. இனிமேல் தேர்வாளராக இருக்க வேண்டுமானால் சாதாரணப் பேச்சு காதில் விழுந்து புரிகிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"தேர்வாளருக்கு."

"எல்லாத் தேர்வாளருக்குமா?"

"வீ, வீ, ஆமாம், எல்லோருக்கும். ரூல் என்றால் ரூல்."

"மறுதேர்வு வெச்சீங்களே, அப்ப நீங்களும் தேர்வாளர்தானே ஐயா?"

என் வாயையே பார்த்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். பிறகு பெரிதாகச் சிரித்து, "வீ, நானும்! ஏன் இல்லை?" என்றார்.

அதை நான் சும்மா கேட்கவில்லை. பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை இருந்த ஒரு மாலை, இதே கூடத்தில் கூட்டம் நடந்தபோது மின்சாரம் போனது. எப்போதும் ஓயாமல் பேசுகிற செயலாளர் அந்தக் கணமே வாயடைத்துப் போனார். இருட்டில் அவரிடம் மூன்று பேர் மூன்று கேள்விகள் கேட்டார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றி முகங்கள் தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். மற்றவர்கள் அவர் புயலுக்குப் பயந்தார் என்று நினைத்தார்கள். பேச்சுக்காக முகங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். அவரும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மானம் அவருக்கு என்று விட்டேன். என் மானத்தை அவர் விடவில்லை.

இப்போது அவர் தன் கையாலேயே ஒரு விதியைப் போட்டிருந்தார். நான் செய்தது ஒன்றுதான். "தனித்தனியா எதுக்கு? எனக்குத் தெரிஞ்ச கிளினிக் இருக்கு. எல்லாரும் ஒரே நாள் போயிடலாம். நானே நேரம் வாங்கறேன்" என்றேன். எவ்வளவு நல்ல மனம் என்று பாராட்டினார்கள். அடுத்த ஒரு மாதம் நான் அந்த நாளை நினைத்துக்கொண்டேதான் தூங்கினேன்.

ரோஸ் ஹில்லுக்கு எல்லோரும் வந்தார்கள். செயலாளர் கோட்டு அணிந்து, காகிதப் பை நிறையச் சூடான மிளகாய் வடையோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். "வேணாங்க. வாயில போட்டு மென்னா அந்தச் சத்தத்துல டெஸ்ட் கெட்டுடும்" என்றேன். "ஓ, டீச்சர் எக்ஸ்பர்ட்!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

முதலில் நான். சோதனை செய்பவர் ஐம்பது வயது கிரியோல் இனத்து அம்மையார். இரண்டு ஆண்டுகளாக என் காதைப் பார்ப்பவர். ஒரு சிறிய கூண்டு, தடித்த கதவு, ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே இயந்திரத்தின் முன் அவர் உட்கார்ந்து ஒலிகளை அனுப்புவார். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கேட்டவுடன் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் சோதனையிலேயே அவர் என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். கண்ணாடி வழியே அவர் கை அசைவது தெரிந்தால் கேட்காத ஒலிக்கும் அழுத்தத் தோன்றும், நல்லவர்கள்கூட அழுத்திவிடுவார்கள் என்றார்.

அதற்குப் பிறகு சொற்கள். அவர்களிடம் இருந்த ஒலிநாடாவில் பிரெஞ்சுச் சொற்கள்தான். அதில் நான் தோற்றால் தோற்றது காதா பிரெஞ்சா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஆலையிலிருந்து வந்ததும் என் கணவர் உட்கார்ந்து தமிழ்ச் சொற்களைக் கேசட்டில் பதிவு செய்து கொடுப்பார், ஒவ்வொரு சோதனைக்கும் புதிய பட்டியல். எனக்குக் காட்டமாட்டார். இந்த முறை வலது காதில் "பாத்திரம்", "வாசல்", "முருங்கை" என்று வந்துகொண்டிருந்த குரல் திடீரென்று "சண்டக்காரி" என்றது. கூண்டுக்குள் சிரித்துவிட்டேன். பிறகு இடது காது. குரல் இருந்தது, அவர் குரல்தான் என்று தெரிந்தது, ஆனால் சொற்கள் கஞ்சியில் விழுந்த மாதிரி கரைந்திருந்தன. ஜனவரியில் பாதிக்கு மேல் பிடித்தேன். இப்போது பாதிகூட இல்லை. அம்மையார் இரண்டு காதின் அளவையும் கோடுகளாக வரைந்து காட்டினார். வலப்பக்கக் கோடு மேசை போல நேராக இருந்தது. இடப்பக்கக் கோடு ஜனவரியில் நின்ற இடத்திலிருந்து இன்னும் கீழே இறங்கியிருந்தது. சளி காரணமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது துக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. எதிரில் செயலாளர் வடையைக் கடித்துக்கொண்டு, குருக்களின் முகத்தை உற்றுப் பார்த்தபடி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். என்னிடமிருந்து இவ்வளவு போயிற்று, இவரிடமிருந்து எவ்வளவு போகிறது பார்ப்போம் என்று நினைத்தேன்.

அவர் முறை வந்தது. அறைக்கதவு திறந்தே இருந்ததால் பெஞ்சிலிருந்து எல்லாம் தெரிந்தது. கூண்டுக்குள் நுழையும் முன் அவர் அம்மையாரிடம் கிரியோலில் குழைந்தார். மூடிய இடத்தில் மூச்சு முட்டும், கண்ணாடியைப் பார்த்து உட்காரட்டுமா என்றார். ஐந்து பேரை வரிசையில் வைத்துக்கொண்டு அவசரத்தில் இருந்த அம்மையார் சரி என்றுவிட்டார். சோதனை தொடங்கியது. அம்மையாரின் முழங்கை அசையும், செயலாளரின் கட்டைவிரல் அழுந்தும். முழங்கை, கட்டைவிரல். முழங்கை, கட்டைவிரல். ஒரு தடவைகூடத் தவறவில்லை. இருபது வயதுப் பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு காது இருக்காது. அம்மையார் புருவத்தை உயர்த்தி எழுதிக்கொண்டார்.

எழுந்து போய் வாசலில் நின்றேன்.

"மதாம், எனக்குச் செய்த மாதிரி அவருடைய நாற்காலியையும் திருப்புங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த கிரியோலில்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை. பிறகு தன் முழங்கையை.

"ஊ எனா ரேசோன்" என்றார். நீங்கள் சொல்வது சரி.

கூண்டைத் திறந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். செயலாளர் ஏதோ மறுத்தார், பிறகு உட்கார்ந்தார். இப்போது அவருடைய பின்கழுத்தும், முழங்காலில் வைத்த கையும், பொத்தானின் மேல் கட்டைவிரலும் மட்டும் தெரிந்தன. அம்மையார் ஒலியை அனுப்பினார். கட்டைவிரல் அசையவில்லை. கூட்டினார். அசையவில்லை. மேலும் கூட்டினார். இறுதியில் அந்த ஒலி ஹெட்போனையும் தடித்த கதவையும் தாண்டிக் கசிந்து, வாசலில் நின்ற எனக்கே, ஒற்றைக் காதுக்காரிக்கே, கொசு பாடுவது போலக் கேட்டது. கட்டைவிரல் அப்படியே இருந்தது. பிறகு ஒலியே இல்லாத நேரத்தில் அவர் ஊகித்து ஒரு தடவை அழுத்தினார். இன்னொரு தடவை. கழுத்து மெல்ல மெல்லச் சிவந்தது.

எனக்கு அது இனித்தது. இதை வேறு எப்படி எழுதினாலும் பொய்.

குருக்கள் என் வலப்பக்கம் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "அம்மா, விட்டுடுங்கோளேன். பாவம், வயசாயிடுத்து அவருக்கு."

"குருக்களே, அன்னிக்கு நீங்களும்தான் சிரிச்சீங்க."

"தப்புதாம்மா. எல்லாரும் சிரிச்சா, நானும்..."

"இன்னிக்கு யாரும் சிரிக்கலையே. ஏன்?"

அவர் துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எனக்குச் சான்றில் கையெழுத்துப் போட்டார். சாதாரணப் பேச்சு தெளிவாகக் கேட்கிறது, தேர்வாளராக இருக்கத் தடையில்லை. சான்றை நீட்டிக்கொண்டே மற்றதையும் சொன்னார். இடது காது இதே வேகத்தில் இறங்கினால், டிசம்பர் ஸ்கேனுக்குப் பிறகு அறுவையைப் பற்றி மெட்ராஸ் டாக்டரிடம் பேச வேண்டியிருக்கும். அறுவை என்றால் அந்தக் காது முழுவதும் போகும். சரி என்றேன். செயலாளர் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். டாக்டர் சத்தமாகப் பேச வேண்டியிருந்ததால் கதவுக்கு வெளியே எல்லோருக்கும் கேட்டது. இரண்டு காதும், பல வருடங்களாக, ஏன் இத்தனை நாள் வரவில்லை, கருவி வைத்துப் பழகாமல் சான்று தர முடியாது.

மற்ற தேர்வாளர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் கேட்டேன், "சான்று இல்லாதவர் வெச்ச தேர்வு செல்லுமா?" கடைசியில் குருக்களே, "ரூல்படி செல்லாது" என்றார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.

செயலாளர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், என் இடப்பக்கம். பெஞ்சு அழுந்துவது தெரிந்தது. என் வலப்பக்கம் காலியாக இருந்தும் அங்கே உட்கார்ந்தார். அவர் ஏதோ பேசினார். சுருக்கமாக இல்லை, கொஞ்ச நேரம் பேசினார். அவர் கை ஒரு தடவை என் புடவைத் தலைப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது கண்ணோரத்தில் தெரிந்தது. தலையை ஒரு சாண் திருப்பியிருந்தால் வலது காதில் விழுந்திருக்கும். மன்னிப்புக் கேட்டாரா, திட்டினாரா, வெளியே சொல்லாதீர்கள் என்றாரா, எனக்குத் தெரியாது. நான் திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை முழுவதும் வாசித்து முடித்தேன். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை யாரிடமும் நான் கேட்டதில்லை.

மாலையில் கணவர் வந்ததும் இரண்டு செய்திகளையும் சொன்னேன், முதலில் செயலாளருடையது, பிறகு என்னுடையது. அவர் காலுறையைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இடது காதுச் செய்தி வந்ததும் ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சண்டக்காரிங்கறது கேட்டுச்சா?"

"வலதுல கேட்டுச்சுங்க. இடதுல அதே வார்த்தையப் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

"அது கேக்கல."

காலுறையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, "அந்த ஆளு கதை முடிஞ்சுதே. போதுமா அம்மிணி?" என்றார்.

"போதாதுங்க" என்றேன்.

இரவு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தேன். அறுவையைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தோம். குக்கர் சீறல் அன்று வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே, மறுநாள் சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். சுருக்கமாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. முதல் வேலையாகத் தொலைபேசியை எடுத்துச் செயலாளர் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். அவர் மனைவி எடுத்தார்.

"அலோ? யாரு, டீச்சரா? இவ்வளவு காலையில்?"

"ஐயாகிட்ட பேசணுங்க அக்கா."

"அவர் டெலிபோனில் பேசமாட்டார், டீச்சர். என்னிடம் சொல்லுங்கள். நான் சொல்லுகிறேன்."

"சரிங்க அக்கா. கான் தெ மாஸ்கில் மே மாதம் டீச்சர் போட்ட மார்க்குதான் நிற்கும்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் வாயைப் போனிலிருந்து திருப்பிக் கத்தினார். பதில் இல்லை. மறுபடி கத்தினார். தூரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"முதல் பரிசை அந்தத் தையல்காரம்மா மகளுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுக்கணும்னு சொல்லுங்க."

கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, "சொன்னேன் டீச்சர். கேட்டதா இல்லையா தெரியவில்லை" என்றார்.

"பரவாயில்லைங்க அக்கா, எனக்கு நேரம் இருக்கு" என்றேன். "இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."